மூன்று கன மீட்டர்

போட்டோஷன் ரயில் காலை ஐந்து நாற்பதுக்கு வந்தது.
கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார் அப்பா.
ஒரு கையில் வெள்ளரி ஊறுகாய் ஜாடி,
மறு கையில் ரலூகாவுக்கு அத்தை பின்னிய கம்பளிக் காலுறை.
பையில் வைத்தால் கசங்குமாம்.

அவள் க்ளூஜில் இருக்கிறாள், அலுவலக வேலை என்று
டாக்சியில் மூன்று தடவை சொன்னேன்.
அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் சோம்பேறி.
எட்டாம் மாடியிலிருந்து அது இறங்கி வருவதற்குள்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.
முப்பத்திரண்டு வருஷம்
நகராட்சித் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்த்தவர்.
எண் என்று ஒன்று எழுதியிருந்தால்
அதைத் தாண்டி அவரால் போக முடியாது.
நான் லிஃப்டின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை வைக்க மட்டும் நேரம் கொடுத்தேன்.
காபி வெளியே குடிக்கலாம் வாங்க.
புத்தக அலமாரி இருந்த இடத்தில்
சுவர் வெளுத்துக் கிடந்தது.
அங்கே நான் போய் நின்றுகொண்டேன்,
அலமாரி மாதிரி.

பிறகு மூன்று நாள்
புகாரெஸ்ட் முழுவதையும் அவருக்குக் காட்டினேன்,
என் வீட்டைத் தவிர.

நாடாளுமன்ற மாளிகையில்
சரவிளக்கின் எடையைச் சொன்னாள் வழிகாட்டிப் பெண்.
"கழிவறை எத்தனை இருக்கும்மா இங்கே?" என்றார்.
அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு அவள்மேல் மரியாதை போய்விட்டது.

உனிரீ சதுக்கத்தில் நீரூற்றுகள் குதித்தன.
எல்லோரும் கைபேசியை உயர்த்த
இவர் குனிந்து, "ஆறு எங்கேடா?" என்றார்.
காலுக்கடியில் என்றேன்.
கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்,
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது.
தரையை வெகுநேரம் பார்த்தார்,
காய்ச்சல்காரன் முகத்தைப் பார்ப்பதுபோல.

அடுக்குமாடிகளின் முதுகுக்குப் பின்னால்
ஒரு பழைய தேவாலயம்.
இடிக்கும் காலத்தில் தண்டவாளத்தில் ஏற்றி
முழுசாக நகர்த்தி வந்து
இங்கே ஒளித்துவைத்தார்கள்.
"கண்ணாடி ஒண்ணும் உடையலையா?"
தெரியாது அப்பா.
"கேட்டுப் பார்த்திருக்கலாம்" என்றார்,
என்னை அல்ல, அதன் கதவைப் பார்த்து.

வெற்றி வளைவு, ஏரிப் படகு, தாவரவியல் தோட்டம்.
தினமும் பதினொரு மணிக்கு மேல்தான் திரும்புவோம்.
அவர் முட்டியில் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டி
விளக்கை அணைத்துவிடுவார்.
தப்பித்தேன் என்று நானும் படுப்பேன்.
காலையில் குப்பைக்கூடையில் வாடிய இலைகள்.
"இன்னைக்கு எங்கே, சில்வியு?" என்று
அவர்தான் முதலில் ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

நான்காம் நாள், அதே நடைமேடை.
ரயில் கிளம்ப எட்டு நிமிஷம்.
காலுறையை என் கையில் வைத்தார்.
"அவகிட்ட எப்படியாவது சேர்த்துடு. உன் காலுக்குப் பத்தாது."

பிறகு, கடைக்காரனிடம் மீதிச் சில்லறை கேட்கும் குரலில்:
"லிஃப்ட் பக்கத்துல மாசக் கணக்கு ஒட்டியிருக்கு.
வீடு முப்பத்தொண்ணு.
மார்ச் வரைக்கும் ஆறு, ஏழு.
ஏப்ரல்லேருந்து மூணு."

என்ன சொல்வதென்று
வாயைத் திறந்தேன்.

"மூணு அதிகம்டா ஒத்தை ஆளுக்கு.
எங்கேயோ ஒழுகுது. பாரு."

படியில் ஏறும்போது
கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏறினார்.
அந்த முட்டியோடுதான்
மூன்று நாளும் என் பின்னால் நடந்தார்,
முதல் நாள் காலை ஆறரைக்கே எல்லாம் தெரிந்துகொண்டு.

இரவு வீட்டில்
ஃபிரிட்ஜை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன்.
சமையலறைக் குழாய் இல்லை.
குளியலறைக் குழாயும் இல்லை.
கழிவறைத் தொட்டியின்மேல் காதை வைத்தேன்.

இருந்தது.
ஏப்ரலிலிருந்து நான்
அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்த சத்தம்.